இணையத்தின் திறவுகோல் எவர் கையில்?

சென்னைக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொற்றலையாற்றுக் கழியும் சூழ, பழவேற்காட்டு ஏரியை நோக்கி நீண்டு கிடக்கும் மணல்மேடு காட்டுப்பள்ளி. அங்கே எல் அண்டு டி நிறுவனம் அமைத்த துறைமுகத்தை 2018-இல் அதானி குழுமம் வாங்கிற்று. ஏறத்தாழ 330 ஏக்கர் பரப்புள்ள அத்துறைமுகத்தை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிப்பதற்குத் திட்டம் எழுந்தது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர், கடலையே தூர்த்து ஆக்கவேண்டிய நிலம்! கழியில் இறாலும் நண்டும் பிடித்துக் கடலில் வலைவீசி வாழும் மக்கள் இதுபற்றி என்ன எண்ணுகின்றனர் எனக் கேட்பதற்குரிய கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 சனவரி 22-இல் நிகழும் என்றனர். நோய்த்தொற்றைக் காட்டித் தள்ளினர். பின்னர் 2023 செப்டம்பர் 5 என்றனர், அதுவும் தள்ளிப்போயிற்று.

கூட்டம் தள்ளிப்போனது கிடக்கட்டும். அது குறித்த நாளில் நடந்திருப்பின், காட்டுப்பள்ளிக் குப்பத்துத் தமிழன் எதைப் படித்துவிட்டுக் கருத்துரைத்திருப்பான்? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஆய்வறிக்கையின் சுருக்கம் மட்டும் அவ்வந் நாட்டு மொழியில் இருந்தாக வேண்டும் என்கிறது. முழு அறிக்கைக்கு அக்கட்டாயம் இல்லை. நீரோட்டம் எப்பக்கம் திரும்பும், கரை எங்கே அரிக்கும், கழிமுகம் எப்பொழுது தூர்ந்துபோகும் என்பனவெல்லாம் முழு அறிக்கையின் வயிற்றுக்குள் ஆங்கிலத்தில் உறங்குகின்றன. வலைபிடிப்பவன் கையில் கிடைப்பது சுருக்கம். அவன் இழக்கப்போவதோ முழுமை! அவ்வறிக்கையைத் தேடி எடுக்கவும், அறிந்தாரைக் கொண்டு பெயர்க்கவும், பெயர்த்ததை ஊர் ஊராய்ப் பரப்பவும், மறுப்பை எழுதி விடுக்கவும் ஏழைக்கு இன்றுள்ள வழி ஒன்றே. அது கையடக்கப் பேசியில் வரும் இணையம். அவ்வழியை எவன் திறக்கிறான், எவன் அடைக்கிறான் என்பது பட்டணத்து இளைஞரின் பொழுதுபோக்குப் பற்றிய பேச்சன்று. மண்ணையும் மொழியையும் காப்பது பற்றிய பேச்சு.

2020-இல் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க. மேற்சொன்ன அறிவிக்கையை மாற்றி எழுதிய வரைவு ஒன்றை நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்டது. மக்கள் கருத்துரைக்க இருந்த முப்பது நாளை இருபது நாளாகக் குறைத்தது அவ்வரைவு. இசைவு பெறாமலே தொடங்கிவிட்ட ஆலைகளுக்குப் பின்னர் இசைவு வழங்கவும் வழி செய்தது. நாடெங்கும் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. வெளிவந்த மொழிகளோ இந்தியும் ஆங்கிலமும்! விக்கிராந்து தோங்கட்டு என்பார் தொடுத்த வழக்கில், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பத்து நாளுக்குள் வரைவைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் 2020 சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவணரசு செய்ததென்ன? பெயர்க்கவில்லை, உச்ச முறைமன்றம் ஏறிற்று. அரசிதழை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டால் போதும், ஆட்சிமொழிச் சட்டம் அதற்குமேல் கேட்கவில்லை என்று வழக்காடிற்று. பத்து நாள் வேலைக்கு அஞ்சி முறைமன்றப் படியேறும் அரசுக்கு, வரி வாங்கும்போது மட்டும் இருபத்திரண்டு மொழியும் ஒன்றாகத் தெரிகின்றன!

அடுத்து நிகழ்ந்ததே இணையத்தின் மெய்ந்நிலையைத் தோலுரித்துக் காட்டிற்று. வரைவை எதிர்த்த இளைஞர் அமைப்புகள், மக்கள் தம் கருத்தை அமைச்சருக்கு மின்னஞ்சலில் விடுக்க வலைத்தளங்களில் வழி அமைத்தன. கருத்துக் கேட்டவர் அமைச்சர். மக்கள் கருத்துச் சொன்னார்கள். அஞ்சற்பெட்டி நிரம்பியதும் அமைச்சர் பிரகாசு சவடேகர் காவல்துறையிடம் முறையிட்டார். தில்லிக் காவல்துறை 2020 சூலையில், ‘ஊபா’ என்று சுருக்கி வழங்கப்பெறும் கொடுஞ்சட்டத்தின் 18-ஆம் பிரிவைக் காட்டி அறிவிப்பு விடுத்தது. அப்பிரிவு கொலைவெறிக் கூட்டத்தாரின் சதிக்கென இயற்றப்பட்டது. அதன்கீழ் ஐந்தாண்டு முதல் வாழ்நாள் முழுதும் சிறை உண்டு. மின்னஞ்சலுக்கு வாழ்நாட்சிறை!

தளத்தை அடைத்த முறையும் கருதத்தக்கது. ‘.இன்’ என முடியும் இணைய முகவரிகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதை வைத்திருப்பது நடுவணரசின் சார்பான நிக்சி என்னும் நிறுவனம். அப்பதிவேட்டில் ஒரு பெயரை நிறுத்திவைத்தால் போதும், தளம் அழியாமலே மறைந்துவிடும். வீடு இருக்கும், கதவெண்ணும் தெருப்பெயரும் இரா, தேடி வருபவன் திரும்பிப் போவான். முன்னறிவிப்பு இல்லை, கேள்வி இல்லை, ஆணையின் படி இல்லை. அவ்விளைஞர்க்காக எழுந்து மடலெழுதியது தில்லியிலுள்ள இணைய விடுதலை அறக்கட்டளை என்னும் ஊதியங்கருதா அமைப்பு. ஊபாப் பிரிவு தவறுதலாகக் குறிக்கப்பட்டது என்று காவல்துறை வழுக்கிக்கொண்டது. தளமும் அச்சூலைக்குள்ளேயே மீண்டது. தவறுதலாம்! கடற்கரை வழக்கை எழுதும் தமிழ்த்தளம் ஒன்று நாளை அவ்வாறு தவறுதலாய் மறைந்தால், கேட்பதற்கு எவர் உளர்?

அவ்வமைப்பின் வேர் 2015-இல் எழுந்த ஒரு கிளர்ச்சி. ஒருசில தளங்களை மட்டும் விலையின்றித் தருகிறோம் என்று முகநூல் நிறுவனமும் தொலைபேசி முதலாளிகளும் தூண்டில் போட்டபொழுது, பத்திலக்கத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஒழுங்காற்று ஆணையத்தின் வாயிலை முட்டின. 2016 பிப்பிரவரி 8-இல் அவ்வகை வேற்றுமைக் கட்டணத்தை ஆணையம் தடுத்தது. பெருமுதலாளியின் இதழை அஞ்சலகம் விலையின்றிச் சுமக்க, தமிழ்ச் சிற்றிதழுக்கு மட்டும் முத்திரை ஒட்டச் சொன்னால் சிற்றிதழ் எத்தனை திங்கள் பிழைக்கும்? இதழ் நடத்தி நொந்தவர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

தில்லியை மட்டும் வைது அமைவதும் நேர்மையன்று. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் இசுடெர்லைட்டு ஆலையை எதிர்த்தோர்மீது காவல்துறை சுட்டது, பதின்மூவர் மாண்டனர். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்க ஆணையிட்டது சென்னையிலிருந்த தமிழ்நாட்டு அரசு. வடவரல்லர், தமிழ் பேசுவோர்! பிணத்தின்முன் நின்ற தாய் தன் உறவுக்குச் செய்தி விடுக்கவும் இயலாதபடி அடைத்தது தமிழ்க் கையே. காசுமீர் முடக்கம்பற்றி அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச முறைமன்றம் 2020 சனவரி 10-இல், இத்தகைய முடக்க ஆணைகள் வெளியிடப்படவேண்டும் என்றது. ஆனால் தளங்களை அடைக்கும் 2009-ஆம் ஆண்டு நெறிகளின் 16-ஆம் கூறோ எல்லாவற்றையும் கமுக்கமாய் வை என்கிறது. கமுக்கமாய்ப் பூட்டிய கதவை எந்த முறைமன்றத்தில் தட்டுவது?

மடலின் காப்பும் அவ்வாறே. விடுத்தவரும் பெற்றவரும் அன்றி இடையில் எவரும் படிக்கவியலாதபடி பூட்டிச் செல்லும் செய்தியை, ‘முதலில் விடுத்தவர் எவர்’ எனக் கேட்டால் காட்டவேண்டும் என்று 2021-இல் நடுவணரசு நெறி வகுத்தது. துறைமுகத்தை மறுத்து முதற்செய்தி எழுதிய மீனவன் பெயர் எவர்க்குத் தேவை? திருடனைப் பிடிக்க என்பர். ஊரிலுள்ள பூட்டையெல்லாம் ஒரே திறவுகோலுக்கு இசையச் செய்தபின் திருடன் பூட்டு மட்டுமா திறக்கும்?

இனித் தமிழன்பர்க்கு ஒன்று; கசக்கும். ‘இணையம்’ என்பதா ‘இணையகம்’ என்பதா என நாள்கணக்கில் சொற்போர் புரிந்தோர் உண்டு. அப்போர் வேண்டாததன்று, சொல்லாக்கம் மொழிக்கு உயிர். ஆனால் அதே பொழுதில் சட்ட வரைவுகள் வந்தன, கருத்துரைக்கும் நாள் முடிந்தது, தமிழில் விடுத்த மறுப்புகள் அருகின. தமிழர்க்காகவும் சேர்த்து ஆங்கிலத்தில் வழக்காடியோர் தில்லியின் சில வழக்கறிஞர். அவர்கள் மொழி ஆங்கிலமாயினும் செய்தது அறம். ஊதியங்கருதாத் தொண்டு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஏடு தேடி ஊர்தோறும் நடந்தவர் வழிவந்த நாட்டில், ஒரு வரைவைப் பெயர்க்க ஆளில்லை என்பது வெட்கம்.

காட்டுப்பள்ளிக்கு மீண்டும் கூட்டநாள் குறிக்கப்படுமாயின், முழு அறிக்கையும் தமிழில் இணையத்தில் கிடைத்தாலன்றிக் கூட்டம் நடத்தலாகாது என்று திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இப்பொழுதே தமிழில் மடல்கள் செல்லட்டும். தளத்தை அடைக்கும் ஆணையும் இணையத்தை முடக்கும் ஆணையும் அன்றன்றே தமிழில் வெளியிடப்படவேண்டும் என்னும் கோரிக்கை, சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் மேசைக்கும் போகட்டும். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் தமிழாசிரியர்கள் இருக்கின்றனர். மாலையில் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் முப்பது நாளில் ஓர் அறிக்கையைப் பெயர்த்துவிடலாம்.