பஸ் என்னும் உருபு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவு செல்லும் பஸ்ஸில் அண்மையில் பயணஞ் செய்தோம். அருகிலிருந்த நெடுந்தீவு மாணவர் ஒருவர், "ஐயா, பஸ் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?" என வினவினார். வண்டி என்று கூறிவிடலாம். ஆனால் அச்சொல் பிறந்தபொழுது அதற்கு அப்பொருள் இல்லை.

ஒம்னிபஸ் என்பது இலத்தீன் மொழிச் சொல். "எல்லோருக்கும்" என்பதே அதன் பொருள். பிரான்சு நாட்டு நான்ற் நகரில், 1820களில், போத்ரி என்பவர் குதிரை பூட்டிய பெரிய வண்டியொன்றை ஓட்டுவித்தார். கட்டணங் கொடுத்த எவரும் அதில் ஏறலாம். ஆதலின் ஒம்னிபஸ் என்னும் பெயர் அதற்குப் பொருந்திற்று. 1829ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி ஷிலிபியர் என்பவர் இலண்டனிலும் அத்தகைய சேவையைத் தொடங்கினார். மூன்று குதிரைகள் அவ்வண்டியை இழுத்தன.

பேச்சில் நீண்ட சொல்லைச் சுமக்க ஆங்கிலேயருக்குப் பொறுமை ஏது? சில ஆண்டுகளுக்குள்ளேயே சொல்லின் தலையை வெட்டி, வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். தொடக்கத்தில், எழுதும்போது முன்னால் ஒரு சிறு குறியிட்டு, வெட்டியதை ஒப்புக்கொண்டனர். பின்னர் அக்குறியும் மறைந்தது.

இங்கே இலக்கண மாணவர் சிறிது நின்று நோக்க வேண்டும். ஒம்னிபஸ் என்பதில் "எல்லாம்" என்ற பொருளைத் தருவது முற்பகுதி. எஞ்சிய "பஸ்" வெறும் வேற்றுமை உருபு. நமது நான்காம் வேற்றுமைக் "கு" உருபுக்கு ஒப்பானது. நாமும் "எல்லோருக்கும்" என்பதன் தலையை வெட்டியிருந்தால், "கும் வந்துவிட்டதா? கும்மில் இடமுண்டா?" என்றல்லவா கேட்டுக்கொண்டிருப்போம்! மாணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நம் முன்னோர் ஏறித் திரிந்த தட்டிவானிலும் இத்தகைய சொல்லொன்று ஒளிந்திருக்கிறது. பாலைவன வணிகர் கூட்டத்தைக் குறித்த காரவான் என்னும் பாரசீகச் சொல் ஆங்கிலத்திற் புகுந்து, பின்னர் வான் எனக் குறுகிற்று. குறிகட்டுவானின் "வான்" இதுவன்று!

சொற்சுருக்கம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதோ? 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி பஸ் சேவை அரசுடைமையானபின், இலங்கைப் போக்குவரத்துச் சபையை நாமும் இ.போ.ச. ஆக்கினோம். குறிகட்டுவானையோ கே.கே.டி. என்கிறோம்.

அந்தக் குறிகட்டுவானில் பஸ் நின்றது. இறங்குதுறையை நோக்கியபடி மாணவர் சொன்னார்: "நேற்றுச் சோளகம் கடுமை, ஐயா. படகு போகவில்லை. உறவினர் வீட்டிலே தங்கிவிட்டேன். இன்றும் போகாவிட்டால் அம்மா கலங்கிவிடுவார்."

நாம் விளக்கிய பொருள் நமக்கே சுட்டது. எல்லோருக்கும் என்று புறப்பட்ட வண்டி, கரையோடு நின்றுவிடுகிறது. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் அதற்கப்பால் காற்றையும் கடலையும் நம்பியே செல்ல வேண்டும். மாணவர் மட்டுமா? பிரசவ வேதனைப்படும் பெண்ணும், நெஞ்சு நோவுற்ற முதியவரும் அக்கடலைத்தான் கடக்க வேண்டும்.

சொல்லின் தலையை வெட்டியதாற் குறையொன்றுமில்லை. வெட்டுண்ட "எல்லோரும்" என்னும் பகுதியில் இத்தீவு மக்களும் அடங்குவர் என்பதைப் போக்குவரத்தை நடத்துவோர் மறவாதிருத்தல் வேண்டும். அன்று படகு புறப்பட்டது. மாணவர் கையசைத்துச் சென்றார்.