மௌத் ஆர்கன் வித்துவான் யார்?

மௌத் ஆர்கனை நாம் இன்றும் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் விளையாட்டுப் பொருளாகவே கருதுகிறோம். மேடையில் ஒருவர் அதை வாசித்தாலோ, எத்தனை விரைவு, எத்தனை திரைப்பாடல்கள் என்று எண்ணிக் கைதட்டுகிறோம். இந்த அளவுகோல் பிழையானது என்பதே எம் கருத்து.

செய்யூர்க் கந்தசாமி கோயில் வீதியில் நாகஸ்வரம் கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. நாகஸ்வரத்தில் விரல் துளைகள் ஏழே, சுரஸ்தானங்களோ பன்னிரண்டு. எஞ்சியவற்றையும் கமகங்களையும் மூச்சின் அழுத்தமும் உதடும் பாதி மூடிய விரலுமே பிறப்பிக்கின்றன. கருவியில் இல்லாததைக் கருவியிலிருந்து வருவிப்பவரையே நாம் வித்துவான் என்று போற்றிவந்திருக்கிறோம். அந்த அளவுகோலை மௌத் ஆர்கனுக்கும் வைத்துப் பார்ப்போம்.

பத்துத் துளை மௌத் ஆர்கனில் ஊதுவதற்குப் பத்து, உறிஞ்சுவதற்குப் பத்து என இருபது ரீடுகள் உண்டு. சுரங்கள் பல ஒருங்கே இசைந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக, கீழ் ஸ்தாயியில் மத்யமத்தையும் தைவதத்தையும் வைக்காமலே அதனை அமைத்திருக்கிறார்கள். இரண்டாம் துளையில் உறிஞ்சியபடியே நாவையும் தொண்டையையும் குழித்தால் பஞ்சமம் தாழ்ந்து மத்யமமாகிறது. மூன்றாம் துளையில் அவ்வாறே நிஷாதம் தைவதமாகிறது. அந்தச் சுரம் சுருதி பிசகாமல் நிற்கப் பல்லாண்டுச் சாதகம் வேண்டும்.

ரீடு வைத்த கருவிக்குக் கமகம் ஏது என்று சிலர் வினவக்கூடும். கமகத்திற்கு இசையாதது என்பது உள்ளிட்ட காரணங்களால் 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆனால் ஹார்மோனியத்தில் காற்று துருத்தியிலிருந்து வருகிறது. மௌத் ஆர்கனிலோ வாசிப்பவரின் வாயே காற்றை வளைக்கிறது. தோடியின் காந்தாரம் இதில் எளிதில் வசப்படாது என்பது மெய்தான். எனினும், தாழ்த்திய சுரத்திலிருந்து ஏறித் தன் நிலையை அடையும் அசைவு இதற்குக் கைகூடும்.

விரைவு மேதைமையன்று என்பதற்குச் சான்று நம் நினைவிலேயே இருக்கிறது. 'ஷோலே'யில் (1975) மாலைப்பொழுதில் அமிதாப் வாசிப்பதாக வரும் இசை சில சுரங்களாலானது. பானு குப்தா வாசித்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அது மறக்கவில்லை. மேலை நாட்டில் லாரி ஆட்லருக்காக 1951இல் வான் வில்லியம்ஸ் ஓர் இசைப்படைப்பையே இயற்றினார். இசை மேடையில் இக்கருவிக்கு உரிய இருக்கை அவ்வாறு கிடைத்தது.

நம்மிடையே அந்த இருக்கை இன்னும் காலியாகவே உள்ளது. விரைவுக்கு மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தால், பொறுமையாகச் சாதகம் செய்யும் இளைஞர் சோர்ந்து கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அடுத்த முறை ஒருவர் மேடையேறினால், செய்யூர் செங்கல்வராய சாஸ்திரியின் கீர்த்தனை ஒன்றை விளம்பமாக வாசிக்கக் கேட்போம். இல்லாத அந்தத் தைவதம் பிசிறின்றி நின்றால், அவரை வித்துவான் என்று அழைக்க நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.