மணலுக்கும் ஒளிக்கும் இடையே

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை ஆதரிப்போர், உயர் தொழில்நுட்பத்துக்கு அரிய மண் தனிமங்கள் இன்றியமையாதவை என்கின்றனர். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இழை லேசரைக் கொண்டு இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்கிறேன்.

முடியிழை போன்ற கண்ணாடி இழையில் இட்டெர்பியம் அல்லது எர்பியம் சிறிதளவு கலந்தால், ஃபெம்டோ நொடிக் கணக்கில் ஒளித்துடிப்புகளைப் பெறலாம். நொடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பதே ஒரு ஃபெம்டோ நொடி. ஆனால், இவை தருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. உயிரணுக்களில் ஒளிரும் சாயங்களை ஆராய்வோருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வேண்டிய நிறம் வேண்டும். நுண்துளைகள் கொண்ட சிறப்பு இழையில் அத்துடிப்பைச் செலுத்தினால் புதிய நிறங்கள் பிறக்கின்றன. செலுத்தும் ஆற்றலைக் கூட்டிக் குறைத்து நிறத்தை நகர்த்தலாம். முன்பு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்ட கருவியின் வேலையை இன்று ஒரு சிறு பெட்டி செய்கிறது. 2023இல் கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தினர், 635 நானோமீட்டர் சிவப்பொளியில் இத்தகைய துடிப்புகளை இழையிலிருந்து நேரடியாகவே பெற்றனர்.

இத்தகைய சிவப்பொளி தரும் ப்ரசியோடைமியம் நம் மோனசைட்டில் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் ஜெர்மானியரான ஷோம்பெர்க் 1909இல் அடையாளம் கண்ட கனிமம் அது. இட்டெர்பியமும் எர்பியமும் அதில் மிகச் சொற்பம். எப்படியிருந்தாலும், ஒரு லேசர் இழைக்குத் தேவைப்படுவது கிராமுக்கும் குறைவு! டன் கணக்கில் கேட்பவை காந்தங்கள். அது வேறு கணக்கு, அதைத் தனியே பேச வேண்டும். லேசரைக் காட்டி ஆயிரம் ஹெக்டேர் கேட்பது பொருந்தாது.

2025 அக்டோபரில் சீனா இட்டெர்பியம், எர்பியம் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு அறிவித்தது. அடுத்த மாதமே ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. தாது பல நாடுகளில் இருக்கிறது. சீனாவின் பிடி, பிரித்துத் தூய்மையாக்கும் திறனில் இருக்கிறது. நம்மிடமும் தொடக்கம் இல்லாமல் இல்லை: ஆலுவாவில் பிரிப்பு ஆலை உண்டு; கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிலையம் அரிய மண் கலந்த இழைகளை உருவாக்கியிருக்கிறது. இவற்றுக்கிடையே தொழில் வளரவில்லை.

கதிரியக்க அச்சத்தோடு வாழும் கடலோர மக்களிடம் நிலம் கேட்கும் அரசு, எந்தத் தனிமம் எத்தனை டன், எந்த ஆலைக்கு, எந்தப் பொருளாக மாறும், அதில் எத்தனை வேலை இம்மாவட்டத்தில் தங்கும் என்பதை எழுத்தில் தரட்டும். ஒப்புதலை அதன்பிறகு கேட்கலாம்.