கயிறு பிடித்தவர் எங்கே?

மாணவர்களே! நீங்கள் தூத்துக்குடிக் கடலில் ஒரு வள்ளத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சற்றுத் தொலைவில், நீருக்கு மேல் தலையைக் காட்டியபடி ஒருவர் கையை உயர்த்தி ஆட்டுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் நீர்மூழ்குவோரின் வழக்கத்தில், நீர்ப்பரப்பில் கையை ஆட்டுவதற்கு 'எனக்கு உதவி தேவை' என்று பொருள்! நலமாக இருப்பவர் கையை ஆட்டமாட்டார். உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்துக் காட்டுவார்.

இந்தச் சிறு வேறுபாடு தெரியாமற் போனால் ஓர் உயிர் போகலாம். ஆகவேதான் மூழ்குவோரின் ஆபத்துச் சைகைகளைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கடலுக்கடியில் சைகை எதற்கு, உரக்கக் கத்தினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் செல்கிறது. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகம் இது. ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை அறிகிறது. நீரில் அந்த வேறுபாடு மிகவும் குறைந்துவிடுவதால், காற்று உருளையைத் தட்டும் ஓசை கேட்கும். தட்டியவர் எங்கே என்பது தெரியாது. நீரிலிருந்து மேலே வரும் ஒலியில் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடுவதால், வள்ளத்தில் இருப்பவருக்கு அதுவும் கேட்காது. நமது கைப்பேசிகள் பயன்படுத்தும் வானொலி அலைகளோ உப்பு நீரில் ஊடுருவுவதே இல்லை.

எனவே கை விரல்களே பேசுகின்றன. விரித்த கையை இருபுறமும் அசைத்தால் 'ஏதோ கோளாறு'. கையைக் கழுத்தின் குறுக்கே வெட்டுவதுபோல் இழுத்தால் 'காற்று தீர்ந்துவிட்டது'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போவோம்'. தரையில் அதே கட்டைவிரலுக்கு 'நன்று' என்றல்லவா நாம் பொருள் கொள்கிறோம்? ஆம், சைகை என்பது கையில் இல்லை. இருவர் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது.

ஆனால் இச்சைகைகளுக்கெல்லாம் ஒரு பெரிய குறை உண்டு. ஆபத்தில் சிக்கியவருக்கு அறிவு தெளிவாக இருக்கிறது, கையும் அசைகிறது என்று இவை எண்ணிக்கொள்கின்றன. உண்மை நிலை பெரும்பாலும் அப்படி இல்லை. மூச்சடக்கிக் குளிப்பவரை மூச்சுவிடத் தூண்டுவது முக்கியமாக இரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான்; ஆக்சிஜன் குறைவு அன்று. குளிக்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சுவிட்டவருக்கு அந்த வாயு குறைந்திருக்கும். தவிப்புத் தோன்றுமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிடலாம். வள்ளத்தில் உள்ள காற்றழுத்த எந்திரத்திலிருந்து குழாய் வழியே மூச்சுவிடுபவருக்கு வேறோர் அபாயம். எந்திரப் புகை உள்ளே வரும் காற்றில் கலந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அவரை மயக்கிவிடும். மயங்கியவர் எந்தச் சைகையைக் காட்டுவார்?

இதற்கு விடை நம் முத்துக்குளித்துறையிலேயே இருந்தது. கொற்கைக் காலம் முதல் பெயர்பெற்ற இக்கடலில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்பவர் கனமான கல்லின் துணையோடு அடியில் இறங்குவார். மேலே அவருக்கென்றே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் சிப்பிகளை வாரிப் பையிலிட்டுக் குளிப்பவர் கயிற்றை வெட்டி இழுத்ததும், மேலே இருப்பவர் அவரைத் தூக்கிவிடுவார். கயிறு பிடிக்க மைத்துனரையே அமர்த்துவார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலிக்குக் கேடு வர அவர் விடமாட்டார் அல்லவா?

இங்கேதான் அறிவியல் இருக்கிறது. ஒரு மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மேலே இருப்பவருக்கும் தெரியும். அந்த நேரம் கடந்தும் கயிறு அசையவில்லை என்றால், அசையாமையே செய்தி! முன்னாளில் ரயில் நிலையங்களில் நின்ற கைகாட்டி மரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கம்பி அறுந்துபோனால், கனத்தின் இழுப்பால் கை தானே 'நில்' என்னும் நிலைக்கு வந்துவிடும். பழுதானால் ஆபத்தையே காட்டும்படி அதை அமைத்திருந்தார்கள். முத்துக்குளிப்பவரின் கயிறும் அத்தகையதே.

1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காக்னானும் 'அக்வாலங்' என்ற மூச்சுக்கருவியை உருவாக்கினார்கள். இன்று நாம் ஸ்கூபா என்று சொல்வது அதன் வழிவந்ததே. முதுகில் காற்று உருளையோடு மனிதன் மீனைப்போல் நீந்தத் தொடங்கினான். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களையும் ஆய்வாளர்கள் இவ்வாறு மூழ்கி ஆராய்ந்திருக்கிறார்கள். சங்கு குளிப்பவர்களிடையேயும் காற்றுக்குழாய் வந்துவிட்டது. ஒரு நிமிடம் இருந்தவர் இப்போது நெடுநேரம் அடியில் இருக்கிறார். ஆனால் கருவி வந்தபோது கயிறு பிடித்தவரின் வேலையைக் குறைத்துவிட்டோம் என்பதே என் கவலை. வள்ளத்தில் இருப்பவர் சமைக்கிறார், எந்திரத்தைப் பார்க்கிறார், சங்குகளைப் பிரிக்கிறார். இடையிடையே கடலையும் பார்க்கிறார்.

'நீந்திச் செல்பவருக்குக் கயிறு இடைஞ்சல். பாறையில் சிக்கினால் அதுவே ஆபத்து' என்று சிலர் சொல்வார்கள். அது சரியே. பழைய கயிற்றை மீண்டும் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் வேலையைச் செய்ய வேறு ஏற்பாடுகள் உண்டு. மூழ்குவோர் இருவர் இருவராகச் சென்று ஒருவரையொருவர் அடிக்கடி 'நலமா?' என்று சைகையால் கேட்க வேண்டும். விடை வராவிட்டால் உடனே அருகில் செல்ல வேண்டும். மெல்லிய நூலில் கட்டிய பளிச்சென்ற மிதவை ஒன்று மூழ்குபவர் இருக்குமிடத்தைக் காட்டட்டும். அலைகளுக்கிடையே மனிதத் தலை ஒரு தேங்காய் மிதப்பதுபோல்தான் தெரியும் என்பதை மறக்கலாகாது. ஒரு விசிலும், வெயிலைத் திருப்பிக் காட்டும் சிறு கண்ணாடியும் சட்டைப்பையில் அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்குமுன் திரும்பும் நேரத்தைப் பேசி எழுதி வைக்க வேண்டும். வள்ளத்தில் ஒருவருக்குக் கடிகாரமும் கடலும் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. நேரம் கடந்தால், சைகை வரட்டும் என்று காத்திராமல் தேடத் தொடங்க வேண்டும். கடலோரக் காவற்படையின் 1554 என்ற தொலைபேசி எண்ணும், வள்ளத்து வானொலியின் 16-ஆம் அலைவரிசையும் அவசர உதவிக்கென்றே உள்ளன. மீனவர் படகுகளுக்காக இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புகிறது. ஆனால் அதன் பொத்தானை யாராவது அழுத்தினால்தானே அது பேசும்?

சாலை விதிகளை எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கிறோம். கடற்கரைப் பள்ளிகளில் இந்த நான்கைந்து சைகைகளையும் கற்பித்தால் என்ன? திரேஸ்புரத்திலும் கீழக்கரையிலும் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருடைய தந்தையரும் அண்ணன்மாரும் கடலுக்குச் செல்கிறார்கள்! இன்று மாலையே நீங்கள் அவர்களிடம் கேட்கலாம்: 'நீங்கள் அடியில் இருக்கும்போது மேலே நேரம் பார்ப்பவர் யார்?' விடை சொல்ல அவர்கள் தயங்கினால், அந்த வேலைக்கு ஒருவரை அமர்த்தும்வரை விடாமல் கேளுங்கள்.