கட்டி வைத்தாலும் நிற்கமாட்டானா?

திகன, குண்டசாலை, பல்லேகல பக்கம் இளவயதுப் பிள்ளை ஒன்று உயிரை மாய்த்துக்கொண்ட வீட்டுக்குப் போனால், பந்தலடியிலேயே காதில் விழும்: "போகிறவன் போய்த்தான் தீருவான், கட்டி வைத்தாலும் நிற்கமாட்டான்." பெற்றவளை ஆற்றத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்பதில்லை. நோயோடு மல்லுக்கட்டும் பிள்ளை இருக்கிற அடுத்த வீட்டுக்கும் போய், அங்கே இருப்பவர்களின் கையைக் கட்டிப்போடுகிறது. அது பொய். பொய்யென்று உலகத்துக்கே காட்டியது நம் நாடுதான்.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பெரும்பாலானவை பூச்சிகொல்லிச் சாவுகள். 1980கள் தொட்டு அரசு கடும் நச்சு மருந்துகளை ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து எடுத்தது. 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை தடைகள் வந்தன. இருபது ஆண்டுகளில் சாவு விகிதம் எழுபது வீதமளவுக்கு இறங்கியது. ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பின என்பது ஆய்வாளர் கணக்கு. விளைச்சலும் குறையவில்லை.

சாக நினைத்தவர்கள் குறைந்துபோனதால் நடந்ததல்ல இது. நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிழைத்துப் போனவர்கள்தான் கூடினார்கள். வேறு வழிகளால் இறந்தவர்கள் ஓரளவு கூடியது உண்மை. ஆனால் குறைந்த தொகைக்கு அது ஈடாகவே இல்லை. ஒருமுறை முயன்று தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல நாடுகளில் கண்ட உண்மை. அந்த நேரத்தைக் கடந்தவர்கள் வாழ்கிறார்கள்.

"அது சண்டைபோட்டுவிட்டு ஆத்திரத்தில் செய்கிறவர்களுக்கு, மனநோய்ப் பிள்ளையின் கதை வேறு" என்பார்கள். கடும் மனச்சோர்வும் இருமுனைக் கோளாறும் பெரும்பாலும் உயர்தரப் பரீட்சை வயதை ஒட்டியே தலைகாட்டுகின்றன. இவற்றில் ஆபத்து பல மடங்கு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறும், இறங்கும். ஏறும் நேரம் எது என்று மருத்துவத்துக்குத் தெரியும். தூக்கமே இல்லாமல், மனம் இருண்டு, உடம்பு மட்டும் நிலைகொள்ளாமல் தவிக்கும் நாட்கள் ஒன்று. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் இன்னொன்று.

நம் வீடுகள் அசந்துபோவது இந்த வாரங்களில்தான். பையன் எழும்பி முகம் கழுவுகிறான், சோறு சாப்பிடுகிறான். "சுகமாகிவிட்டது" என்று கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கான குளிசைகள் கடதாசி உறைகளில் அவன் மேசையிலேயே கிடக்கின்றன. உடம்பில் தெம்பு முதலில் வரும், நம்பிக்கை பிறகுதான் வரும். இடையில் இருக்கிற அந்த நாட்களில் குளிசை அம்மாவின் பொறுப்பில் இருக்கவேண்டும். கிளினிக் திகதி ஒன்றுகூடத் தவறக்கூடாது. இருமுனைக் கோளாறில் லித்தியம் தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்குப் பலமான சான்று உண்டு. இரத்தப் பரிசோதனையோடு ஒழுங்காக எடுத்தால்தான் அந்தப் பலன்.

"சாகணும்போல இருக்கா?" என்று கேட்கவும் பயம். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமாம். நியூயோர்க் மாநிலப் பாடசாலைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. கேள்வி யாருக்கும் அந்த நினைப்பை ஊட்டவில்லை. மனச்சோர்வுள்ள பிள்ளைகளின் தவிப்பு, கேட்கப்பட்டபின் சற்றுக் குறைந்தும் இருந்தது. பொலிஸ் வரும் என்று வாயை மூடுகிற பழக்கமும் இன்னும் போகவில்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வார்டிலிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால், முதல் வாரத்துக்குள் மனநலத் தாதியோ மருத்துவ அதிகாரியோ அந்த வீட்டுப் படியேற வேண்டும். இதை மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்டு வாங்கவேண்டும். இன்றிரவே பயமாக இருக்கிறதென்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தார் எந்த நேரமும் எடுப்பார்கள்.