ஒப்பந்தம் நூலகர் கையில் இருக்கட்டும்

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதன் வழியே கிடைக்கின்றன. அந்த வளையத்துக்கு வெளியே உள்ள சுயநிதிக் கல்லூரி நூலகங்களுக்கு மின்வள ஒப்பந்தங்கள் இன்னும் சொந்தப் பொறுப்புதான்.

அங்கெல்லாம் பெரும்பாலும் முகவர் கொட்டேஷன் தருகிறார், முதல்வர் கையெழுத்திடுகிறார், ஒப்பந்தம் கணக்குப் பிரிவுக் கோப்புக்குள் போய்விடுகிறது. நூலகரிடம் மிஞ்சுவது இன்வாய்ஸ் நகல் மட்டுமே. இந்த வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை முழுமையாகப் படிக்க வேண்டியவர் நூலகர். கையெழுத்தான பின் ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, சந்தாவை நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்பது. அச்சிதழ் என்றால் பணம் கட்டிய ஆண்டுகளின் தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழுக்கு அப்படியில்லை. பணம் கட்டிய ஆண்டுகளுக்கு நிரந்தர அணுக்கம் உண்டென்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால், எதுவும் மிஞ்சாமல் போகலாம். பல இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளங்களில் இந்த உரிமை பெரும்பாலும் கிடையாது. விலை குறைவென்று அச்சிதழை நிறுத்திவிட்டு அவற்றுக்கு மாறுமுன் இதை ஆசிரியர்களிடம் சொல்லிவிடுவது நம் கடமை.

அடுத்தது, பயனாளர் யார் என்ற வரையறை. பகுதிநேர ஆய்வாளரும், நூலகத்துக்கே வந்து படிக்கும் பழைய மாணவரும் அதில் அடங்குவார்களா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பல பதிப்பகங்கள் சேர்க்கின்றன.

பத்துப் பன்னிரண்டு சந்தாக்களின் ஒப்பந்த விவரங்களைக் கண்காணிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை, ஓர் எக்செல் தாள் போதும். அதில் சந்தா முடியும் நாளைவிட முக்கியமானது முன்னறிவிப்பு நாள். தானாகப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் டிசம்பர் 31-இல் முடிகிறது, 60 நாள் அவகாசம் என்றால், மறுப்புக் கடிதம் நவம்பர் 1-க்குள் போய்ச் சேர வேண்டும். ஆக, பதிப்பகங்கள் கவுண்டர் (COUNTER) தரநிலைப்படி தரும் பயன்பாட்டு அறிக்கையை நூலகக் குழுவின் முன் செப்டம்பரிலேயே வைக்க வேண்டும். எத்தனை கட்டுரைகள் திறக்கப்பட்டன என்பதோடு, உரிமம் இல்லாததால் எத்தனை முறை அணுக்கம் மறுக்கப்பட்டது என்பதையும் அது காட்டும். இரண்டாவது எண்ணை நாம் அதிகம் பார்ப்பதில்லை. எந்த இதழைப் புதிதாக வாங்கலாம் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

சிறு கழகங்களின் இதழ்களுக்கு நீண்ட ஒப்பந்தமே வேண்டியதில்லை. அமெரிக்காவின் நைசோ அமைப்பு 2008-இல் வெளியிட்ட 'செரு' என்ற பொதுப் புரிந்துணர்வை இரு தரப்பும் ஏற்றால் போதும். அடுத்த கொள்முதலின்போது பதிப்பகத்திடம் இதைக் கேளுங்கள்.