வெல்ல முடியாத வீரன்



விடுமுறை நாட்களில் பிள்ளைகள் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகி ஆடும் விளையாட்டைச் சில இல்லங்களில் காண்கிறோம். இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி, 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். நடுவர் ஒருவர் கதையை நடத்திப் பகைவர்களை இயக்குவார். ஏனையோர் தத்தம் வீரர் செய்வதைச் சொல்வர். பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இதில் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. தாராள மனமுடைய நடுவர்கள் மந்திர வாள்களையும் பெருஞ்செல்வத்தையும் வாரி வழங்கினர். பரிசுகள் அள்ளித் தரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்திய மாண்டி ஹாலின் பெயரால் இவர்களைக் கேலி செய்வதுண்டு. 1976-இல் வெளிவந்த துணைநூல் ஒன்றின் முன்னுரையில் டிம் காஸ்க் இவர்களைக் கண்டித்தார். வடபுலப் புராணத் தலைவன் ஓடினுக்கே அந்நூல் 300 உயிர்ப்புள்ளிகளைத்தான் குறித்தது. அவனையும் விஞ்சும் வீரர்களை எவர் மதிப்பார்?

அளவுக்கு மீறிய வீரன் ஒருவன் இருந்தால் வரும் கேடு யாது? அவன் தோழர்கள் வெறும் பார்வையாளர் ஆகிவிடுகின்றனர். மேஜையின் ஓரத்தில் மௌனமாயிருக்கும் பிள்ளையே உண்மையில் தோற்றவன்.

இதற்கு மாற்றாக, இன்னும் பெரிய பூதத்தைக் கொணர்வது பயனற்றது. வல்லவனுக்கு ஈடான பூதம் எளியவனை ஒரே அடியில் வீழ்த்திவிடும். அன்றியும், ஐவர் ஐந்து முறை தாக்கும் சுற்றில் தனிப் பகைவன் ஒருமுறையே தாக்குவான். ஆகவே அவனுக்குத் துணைவர்களையும், அறிவையும், ஒரு நோக்கத்தையும் தருதல் நன்று. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரும் பகைவர்கள் பிறர் முறையின் முடிவிலும் செயற்பட வழிவகுத்தது.

வாளால் தீராத சிக்கல்களும் உண்டு. அக்கரையில் எரியும் வீட்டுக்குள் குழந்தைகள். இக்கரையில் தப்பியோடும் பகைவன். எத்துணை வலியவனும் ஒரே வேளையில் இரு கரைகளில் நிற்க இயலுமோ? அங்கே தோழர்களின் தேவை தானாகவே விளங்கும்.

செருக்குற்ற ஆட்டக்காரரைச் சோதிக்கவே கைகாக்ஸ் 1975-இல், பொறிகள் நிறைந்த ‘கொடூரங்களின் கல்லறை’யைப் போட்டி ஒன்றில் வைத்தார். போட்டிக்கு அது பொருந்தும். ஆயினும், வாரந்தோறும் கூடும் நண்பர்களுக்கு அத்தகைய தண்டனை ஏற்றதன்று. தந்த வாளைத் தந்திரமாய்ப் பறித்தால் நம்பிக்கை முறியும். தவறு வழங்கியவருடையது, அதை அவரே ஒப்புக்கொண்டு, பிள்ளையைத் தனியே அழைத்து, “மற்றவர்களுக்கும் இடம் வேண்டுமல்லவா?” என்று கேட்பதே முறை. அவன் வலிமை வெளிப்படும் நாளும் இருக்கட்டும். பிறர் திறமை வெளிப்படும் நாளும் இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்தபின், “நான் என்ன செய்தேன் தெரியுமா?” என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லக் கேட்டால், நடுவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார் என நாம் அறிந்துகொள்ளலாம்.